சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

ஓர் அரசாங்கத்தின் நெஞ்சில் ஈரம் உண்டா என்று அறிய வேண்டுமானால் அதன் மேடைப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் போதும். எதற்குப் பணம் இல்லையென்று கைவிரித்தது, எதற்குக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தது என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். கதியற்றுத் திரியும் ஒருவனுக்கு ஒருவேளைச் சோறு போடத் தயங்கிய ஆட்சிகள், அதே மனிதனை ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதற்கு வண்டிச் சத்தம், காவற்கூலி, கோர்ட்டுச் செலவு, பிடித்துக் கொடுத்தவனுக்குச் சன்மானம் என்று தாராளமாகச் செலவழித்திருக்கின்றன. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி இந்த வரலாற்றுக்கென்றே பிறந்தது போலும்!

‘பரதேசி’ என்று நாம் வாய்கூசாமல் சொல்கிறோம். அச்சொல்லின் நேர்ப்பொருள் வேற்றுநாட்டான் என்பதுதான். ஊர்பேர் தெரியாதவன் என்ற பொருள் தேய்ந்து தேய்ந்து பிச்சைக்காரன் என்றாயிற்று. கையேந்தி நிற்பவன்மேல் நமக்குள்ள வெறுப்பில் பாதி, ‘இவன் நம் ஊர்க்காரன் இல்லையே’ என்ற எண்ணத்திலிருந்து வருவது. அந்த எண்ணத்தையே சட்டமாக எழுதி, அதற்கு வரி போட்டு, வண்டி வைத்து, நூற்றாண்டுக் கணக்கில் நடத்திப் பார்த்த நாடு இங்கிலாந்து. அதன் பாராளுமன்றத்தையும் கடற்படையையும் பரீட்சைக்குப் படிக்கிறோம். அதன் சாலையில் விரட்டப்பட்டவனைப் படிப்பதில்லை. அவனைப் படித்தால் நம் ஊர்ப் பேருந்து நிலையமும் நமக்குப் புரியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சாட்டையும் சூட்டுக்கோலும்

1348-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நுழைந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. வயலில் இறங்க ஆளில்லை. பிழைத்துக் கிடந்த உழைப்பாளிகள் நல்ல கூலி கிடைக்கும் ஊரைத் தேடிப் புறப்பட்டார்கள். நிலக்கிழார்கள் பதறினர். பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும், உடல் வலுவுள்ளவனுக்குப் பிச்சை போடுவது குற்றம் என்று 1349-இல் அரசாணை பிறந்தது. 1351-இல் பாராளுமன்றச் சட்டம் அதை இறுக்கியது. 1388-இல், அத்தாட்சிக் கடிதம் இல்லாமல் வேலையாள் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது என்று வந்தது. கவனியுங்கள்: பிச்சையின்மேல் அரசுக்கு வந்த கோபம், கூலியாள் கைநழுவிப் போகிறானே என்ற அச்சத்திலேதான் தொடங்கியது.

பிறகு வந்தவை கொடுமையின் படிக்கட்டுகள். 1531-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையின்றித் திரிபவனைச் சந்தை கூடும் ஊரில் வண்டியின் பின்புறம் ஆடையின்றிக் கட்டி, உடம்பில் இரத்தம் வரும்வரை சாட்டையால் அடித்தார்கள். அதன்பின் அவன் பிறந்த ஊருக்கோ, கடைசியாக மூன்றாண்டு வாழ்ந்த ஊருக்கோ திரும்பிப் போக வேண்டும். 1547-இல் மார்பில் ‘வி’ என்ற எழுத்தைச் சூட்டுக்கோலால் பொறித்து இரண்டாண்டு அடிமையாக்கலாம் என்றார்கள். அதை நடைமுறைப்படுத்த ஊராருக்கே மனம் வரவில்லை போலும், மூன்றாண்டுக்குள் நீக்கிவிட்டார்கள். 1572-இல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வலக் காதைத் துளைக்கச் சொன்னது இன்னொரு சட்டம். அடி வலித்தது, சூடு தழும்பாயிற்று, பசி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

1601-இல் எலிசபெத் அரசியின் ஆட்சியில் புகழ்பெற்ற ஏழைகள் சட்டம் வந்தது. நம் ஊர்க் கிறித்தவ நண்பர்கள் ‘பங்கு’ என்பார்களே, அதுபோல அங்கே ஒவ்வொரு மாதாகோயிலைச் சுற்றியும் ஒரு பாரிஷ் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 15,000 பாரிஷ்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் ஏழைகளுக்குத் தானே பொறுப்பு. அதற்காக நிலம் வீடு உள்ளவர்களிடம் ஏழை வரி வசூலிக்க வேண்டும். அதை நடத்த ஓவர்சியர்கள் வேண்டும் என்றது சட்டம். ஏழையைக் காப்பது ஊரின் கடமை என்று ஏட்டில் எழுதியது பெரிய காரியம்தான். ஆனால் ‘தன் ஏழைகள்’ என்ற சொல்லில் ஒரு முள் இருந்தது. தன்னுடையவன் யார், பிறத்தியான் யார்? அந்த முள் அடுத்த இருநூற்றறுபது ஆண்டுகளுக்குக் குத்திக்கொண்டே இருந்தது.

நாற்பது நாள் கெடு

1662-இல் வந்த குடியமர்வுச் சட்டம் அந்தக் கேள்விக்கு விடை சொன்னது. புதிதாக ஒருவன் ஊருக்குள் வந்து, ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த வாடகை வீட்டில் தங்கினால், நாற்பது நாளைக்குள் ஓவர்சியர் புகார் செய்யலாம். இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட்டு அவனைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். பத்துப் பவுன் வாடகை கூலியாள் எவனுக்கும் எட்டாதது. அவன் பிச்சை கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு செப்புக்காசு உதவி பெற்றிருக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஊர்ச் செலவில் விழக்கூடியவன் என்று தோன்றினால் போதும். நாளை வரக்கூடிய பசிக்காக இன்றே நாடு கடத்துவது எவ்வளவு முன்யோசனை!

நாற்பது நாள் ஒளிந்திருந்துவிட்டால் ஊர் உரிமை கிடைத்துவிடுமே என்று பயந்து, வந்தவன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், அந்த நாளிலிருந்தே நாற்பது நாளை எண்ண வேண்டும் என்று 1685-இல் திருத்தினார்கள். 1691 முதல் அந்த அறிவிப்பை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும் என்றாயிற்று. ‘இன்னான் வந்திருக்கிறான், விரட்ட விரும்புகிறவர்கள் விரட்டலாம்’ என்று பறையறைவதற்கு இது சமம். அதே 1691-ஆம் ஆண்டுச் சட்டம் மணமாகாத தொழிலாளி ஓராண்டு முழுவதும் ஒரே எசமானிடம் வேலை செய்தால் ஊர் உரிமை உண்டு என்று ஒரு கதவைத் திறந்தது. பண்ணையார்கள் என்ன செய்தார்கள்? ஐம்பத்தொரு வாரத்துக்கு மட்டும் ஆள் வைத்தார்கள். ஒரு வாரம் குறைந்தால் உரிமையில்லை. இன்றும் தற்காலிகப் பணியாளரை ஓராண்டு நிறைவதற்குச் சில நாள் முன்பாக நிறுத்தி மறுபடி சேர்த்துக்கொள்ளும் தந்திரத்துக்கு அவர்களே மூலபுருஷர்கள்.

நிலக்கிழார் ஒருவரே ஊர் முழுவதையும் வைத்திருந்த இடங்களில் இன்னொரு வழி கண்டார்கள். குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். குடிசை இல்லையேல் குடியிருப்பவன் இல்லை. குடியிருப்பவன் இல்லையேல் ஏழை வரியும் இல்லை. உழைப்பாளி பக்கத்து ஊரில் நெருக்கடியில் கிடந்து, பல கல் தொலைவு நடந்து வந்து அதே நிலக்கிழாரின் வயலில் உழுதான். வேலை இந்த ஊருக்கு. அவன் முதுமையின் செலவு அந்த ஊருக்கு.

பெண்கள் பட்ட பாடு இதனினும் பெரிது. மணமான பெண்ணுக்குக் கணவன் ஊரே ஊர். கணவன் இறந்தபின், அவள் கண்ணாலும் கண்டிராத அவன் பூர்வீக ஊருக்குக் குழந்தைகளோடு அனுப்பப்படலாம். மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பொதுவாகப் பிறந்த இடமே சொந்த ஊர். ஆகவே அத்தகைய கர்ப்பிணி ஒருத்தி எல்லைக்குள் இருந்தால் ஓவர்சியருக்குத் தூக்கம் வராது. பிரசவத்துக்கு முன் அவளை அடுத்த எல்லையில் சேர்த்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக நகர்த்தினார்கள். ஒரு சிசு எந்த மண்ணில் விழுகிறது என்பதில் இரண்டு ஊர்களின் வரிப்பணம் அடங்கியிருந்தது.

நண்பர்களே, இந்தச் சட்டத்தை ஒரு நாள் நம் ஊரில் நடத்திப் பாருங்கள். நம் கல்லூரியில் படிப்போரில் இந்த நகரத்திலேயே பிறந்தவர்கள் எத்தனை பேர்? விடுதி மாணவர்கள் காலி. வாடகை அறை எடுத்துத் தங்கியிருப்போர் காலி. கொத்து வேலைக்கு வந்தவர், தேநீர்க் கடையில் டம்ளர் கழுவும் வடநாட்டுப் பையன், கட்டட வேலைக்கு வந்த சித்தாள் என்று எல்லாரும் காலி. பேராசிரியப் பெருமக்கள் மட்டும் வாடகையின் உயர்வால் ஒருவேளை தப்பலாம்!

எந்தப் பையிலிருந்து பணம்?

இனி நம் தலைப்புக்கு வருவோம். அப்புறப்படுத்த ஆன செலவை யார் கொடுத்தார்கள்?

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஏழை என்று சொல்லி ஒருவனை அவன் ஊருக்கு அனுப்பினால் அது பாரிஷின் செலவு. ‘நாடோடி’ என்று முத்திரையிட்டு நீதிபதியின் பாஸ் வாங்கி அனுப்பினால், ஒவ்வோர் ஊர்க் கான்ஸ்டபிளும் அவனை அடுத்த ஊர்க் கான்ஸ்டபிளிடம் ஒப்படைக்க வேண்டும். பெருவழிச் சாலையில் அமைந்த சின்னஞ்சிறு ஊர்களுக்கு இது தாங்க முடியாத பாரமாயிற்று. யாரோ ஒருவனை யாரோ ஓர் ஊருக்குக் கொண்டுபோக இவர்கள் வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த முறையீட்டைக் கேட்டு, 17-ஆம் நூற்றாண்டின் முடிவில், மூன்றாம் வில்லியம் ஆட்சியில் வந்த சட்டம் இச்செலவைக் கவுண்ட்டி என்னும் மாவட்டத்தின் தலையில் வைத்தது. இத்தனை மைலுக்கு இவ்வளவு, சோற்றுக்கு இவ்வளவு, இரவு தங்கலுக்கு இவ்வளவு என்று நீதிபதிகள் விகிதம் கட்டினார்கள். கான்ஸ்டபிள் சீட்டைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டார்.

விளைவு என்ன? ஓவர்சியர்கள் கெட்டிக்காரர்கள். நேற்றுவரை ‘ஏழை’யாக இருந்தவனை இன்று ‘நாடோடி’ ஆக்கினால் செலவு நம் பையிலிருந்து போகாதே என்று கண்டுகொண்டார்கள். மனிதன் மாறவில்லை, பசி மாறவில்லை, கணக்குத் தலைப்பு மாறியது. அதனால் அவன் குற்றவாளியானான். ஒரு சொல்லுக்குள் சாட்டையும் சிறையும் இருந்ததைப் பற்றிக் கணக்கெழுதியவர் கவலைப்படவில்லை.

1744-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. சோம்பேறிகள், போக்கிரிகளும் நாடோடிகளும், திருந்தாப் போக்கிரிகள் என்று மூன்று வகுப்பு பிரித்தது. உரிமம் இல்லாத கூத்தாடிகள், கரடி ஆட்டுவோர், குறி சொல்வோர், சில்லறை வியாபாரிகள், மனைவி மக்களை விட்டோடியவர்கள், வைக்கோற் களஞ்சியத்திலும் வெட்டவெளியிலும் படுத்துறங்குவோர் ஆகிய எல்லாரையும் இரண்டாம் வகுப்பில் அடைத்தது. முதல் வகுப்பு ஆளைப் பிடித்துக் கொடுத்தால் 5 ஷில்லிங் சன்மானம். இரண்டாம் வகுப்புக்கு 10 ஷில்லிங். அந்தக் காலத்தில் பண்ணையாளின் ஒரு வாரக் கூலியே அந்த அளவுக்கு எட்டாது. ஏர் பிடிப்பதைவிட ஏழையைப் பிடிப்பது இலாபமாயிற்று! பிச்சைக்காரனும் பிடிப்பவனும் கூட்டுச் சேர்ந்து சன்மானத்தைப் பங்கு போட்டுக்கொண்ட மோசடிகளும் நடந்தன. பசித்தவனுக்கு நேரே கொடுக்க மனமில்லாத பணம் இப்படிப் புறக்கடை வழியாகப் போயிற்று.

காண்டிராக்டரின் வண்டி

கான்ஸ்டபிள்களின் பில்கள் பெருகவே பல கவுண்ட்டிகள் காண்டிராக்டு முறைக்கு மாறின. இலண்டனைச் சூழ்ந்த மிடில்செக்ஸ் கவுண்ட்டியில் 1780-களில் ஹென்றி ஆடம்ஸ் என்பவர் இந்தக் காண்டிராக்டை எடுத்திருந்தார். அவருக்கு முன் அவர் தந்தையும் அதே தொழில். இலண்டன் சிறைகளிலிருந்து ஆட்களைத் தம் வண்டியில் ஏற்றிக் கவுண்ட்டியின் எல்லைக்குக் கொண்டுபோய் அடுத்த கவுண்ட்டியின் ஆளிடம் ஒப்படைப்பார். அங்கிருந்து வருபவர்களை வாங்கிக்கொள்வார். சரக்கு வண்டிக்கும் அதற்கும் வேற்றுமை அதிகமில்லை. மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் என்றால் இலாபம் எங்கேயிருந்து வரும் என்று வணிகவியல் நண்பர்களைக் கேளுங்கள். வண்டியில் ஆள் நெருங்க நெருங்க, ரொட்டி குறையக் குறைய, இலாபம் கூடும்.

தமக்குச் சேர வேண்டிய பணத்துக்குச் சான்றாக அவர் நீதிபதிகள் முன் பட்டியல்களை வைத்தார். 1777 முதல் 1786 வரையிலான அந்தப் பட்டியல்களில் எஞ்சியவற்றை ஆய்வாளர்கள் நம் காலத்தில் தொகுத்திருக்கிறார்கள். 14,789 பதிவுகள். பெயர், எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டியது என்ற அளவே விவரம். தனியாட்கள், தாயும் பிள்ளைகளும், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் என்று போகிறது வரிசை. அவர்களில் பலரைப் பற்றி வரலாறு அறிந்திருப்பது இந்த ஒரு வரி மட்டுமே. அந்த ஒரு வரியும் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. காண்டிராக்டரின் பில்லுக்காக எழுதப்பட்டது.

அயர்லாந்துக்காரருக்கு இங்கிலாந்தில் எந்த ஊரும் சொந்தமில்லை. 1847-இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பி லிவர்ப்பூல் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் சுமார் 15,000 பேரை அந்த ஓராண்டிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பஞ்சம் நடக்கும் நாட்டுக்கு அனுப்புகிறோமே என்று எண்ணவில்லை. லிவர்ப்பூலின் வரி செலுத்துவோர் தலையில் அயர்லாந்தின் பஞ்சத்தை ஏன் கட்டுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயமே இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு நாட்டின் பஞ்சத்தை ஒரு துறைமுகம் சுமக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது யார் என்பதல்லவா கேள்வி?

பை பெரிதானபோது

இந்தக் கொடுமை எப்படி ஓய்ந்தது? ஆதம் ஸ்மித் 1776-இலேயே தம் பொருளாதார நூலில் குடியமர்வுச் சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். 1795-இல், உண்மையாகவே உதவி கேட்டு நின்றாலொழிய யாரையும் அகற்றக் கூடாது, நோயாளியை நகர்த்தக் கூடாது என்று சட்டம் இளகியது; மணமாகாத கர்ப்பிணிக்கு மட்டும் அந்த இளக்கம் இல்லை. 1824-ஆம் ஆண்டு நாடோடிச் சட்டம் ஊர் ஊராகக் கடத்தும் பாஸ் முறையைப் பெரும்பாலும் கைவிட்டு, பிச்சை எடுத்தவனையும் திறந்த வெளியில் தூங்கியவனையும் உள்ளூர்ச் சிறைக்கே அனுப்பியது. 1846-இல், ஐந்தாண்டு ஓர் ஊரில் வாழ்ந்தவனை அகற்ற முடியாது என்றார்கள். 1861-இல் ஐந்து மூன்றாயிற்று. 1865-இல் மூன்று ஒன்றாயிற்று.

அந்த 1865-ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிச்சை அவிழ்த்தது. அதுவரை ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைக்குத் தனியே கொடுத்தது. இனிப் பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன் முழுவதும் பொதுப் பையிலிருந்து கொடுக்கும் என்று அது விதித்தது. உடனே பக்கத்து ஊருக்கு ஆளைத் தள்ளிவிடுவதில் இலாபம் இல்லாமற் போயிற்று. குடிசையை இடிப்பதிலும் இலாபம் இல்லை. ஓவர்சியர்களின் நெஞ்சு ஓரிரவில் கனிந்துவிடவில்லை. பை பெரிதாயிற்று, அவ்வளவே. ஏழைச் சட்டத்தின் எச்சங்கள் முற்றும் ஒழிய 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

இதுவே நான் சொல்ல வந்த கருத்து. செலவைச் சுமக்கும் வட்டம் சிறிதாக இருக்கும்வரை மனிதனைத் தள்ளிவிடுவதே மலிவாகத் தோன்றும். வட்டம் அகன்றால் இரக்கத்துக்கு வழி திறக்கும். உபதேசம் செய்ய முடியாததைப் பல நேரங்களில் கணக்குப் புத்தகத்தின் ஒரு திருத்தம் செய்துவிடுகிறது.

கப்பலேறி வந்த சட்டம்

1824-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி இல்லாதவன்’ என்ற பொருள்படும் தொடர் ஒன்று உண்டு. அது பேரரசு சென்ற இடமெல்லாம் சென்றது. இந்தியாவில் அது முதலில் வெள்ளையர்மீதே பாய்ந்தது. 1869-இலும் 1874-இலும் ஐரோப்பிய நாடோடிகள் சட்டம் வந்தது. வேலையிழந்த மாலுமியும் சிப்பாயும் தெருவில் கையேந்தினால் ஆளும் இனத்தின் மதிப்பு என்னாவது! அவர்களை வேலைக்கூடத்தில் வைத்துச் சர்க்கார் செலவில் கப்பலேற்றினார்கள். வேலைக்கென்று அழைத்து வரப்பட்டவன் ஓராண்டுக்குள் கதியற்றுப் போனால், திருப்பி அனுப்பும் செலவை அழைத்து வந்த முதலாளியே கட்ட வேண்டும் என்றும் 1874-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வெள்ளைக்காரனுக்காக எழுதப்பட்ட அந்த ஒரு விதி, நம் நாட்டுக் கட்டடத் தொழிலாளிக்கும் அன்றே எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிறகு நம்மவர் முறை. 1943-இல் வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த ஆண்டிலேயே வங்காள நாடோடிகள் சட்டம் வந்தது. கல்கத்தாத் தெருக்களில் கஞ்சிக்கு வந்து விழுந்த கிராமத்தாரை ஊருக்குத் திருப்பி அனுப்ப அவசரச் சட்டமும் வந்தது. 1945-இல் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். 1959-இல் பம்பாயில் இன்னொன்று. பம்பாய்ச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காவல். மறுபடியும் மறுபடியும் பிடிபட்டால் பத்தாண்டு வரை போகலாம். பிழைப்பு வழி கண்ணுக்குத் தெரியவில்லை என்ற பழைய தொடர் அதிலும் உட்கார்ந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் டில்லி உயர்நீதிமன்றம் அந்நகரில் செயற்பட்ட இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளியது. 2021 ஜூலையில், கொரோனாவைக் காட்டிப் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்ற ஆணையிட வேண்டும் என்ற கோரிக்கையை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. வறுமையால் வந்ததை மேட்டுக்குடிப் பார்வையில் பார்க்க மாட்டோம் என்ற கருத்தில் மறுத்தது.

சட்டம் தளர்ந்தாலும் பழக்கம் தளரவில்லை. 2017 நவம்பரில் உலகத் தொழில்முனைவோர் மாநாடு நடந்தபோது ஐதராபாத்தில் இரண்டு மாதம் பிச்சைக்குத் தடை விதித்து, பிடித்தவர்களைச் சிறை வளாகங்களில் இருந்த இல்லங்களில் சேர்த்தார்கள். பிச்சைக்காரரைக் காட்டிக் கொடுத்தால் 500 ரூபாய் என்று சிறைத் துறை அறிவித்தது. 1744-ஆம் ஆண்டின் பத்து ஷில்லிங் ரூபாயாக மாறி வந்துவிட்டது! 2021 ஜனவரியில், நான்காண்டு தொடர்ந்து நாட்டின் தூய்மையான நகரம் என்று பரிசு வாங்கிய இந்தூரில், வீடற்ற முதியவர்களை மாநகராட்சி வண்டியில் ஏற்றிச் சென்று நகருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் குளிரில் இறக்கினார்கள். க்ஷிப்ரா ஊர் மக்கள் தடுத்துக் கேட்டபின் மீண்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரி ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆடம்ஸின் வண்டியாவது எல்லையில் ஆளை ஒருவரிடம் ஒப்படைத்தது. இந்த வண்டிக்கு அந்தக் கடமையும் இல்லை.

‘எல்லாம் கும்பல்’ என்பார்க்கு

‘பிச்சை இன்று ஒரு வியாபாரம்; குழந்தைகளை வைத்துப் பிழைக்கும் கும்பல்கள் உண்டு’ என்பர் சிலர். உண்டு, மறுக்கவில்லை. குழந்தையைக் கடத்தியும் ஊனமாக்கியும் பிச்சைக்கு விடுபவனைத் தண்டிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. கும்பலின் தலைவனைப் பிடிக்க அது போதும். கும்பலின் பெயரைச் சொல்லி, பிள்ளைகள் கைவிட்ட கிழவியை வண்டியில் ஏற்றுவதற்கு எந்தப் பிரிவும் வேண்டியதில்லை. கல்நெஞ்சு ஒன்று போதும். திருவள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தார். கேட்க நேர்ந்தவனின் நிலையையும் கேட்பதன் கொடுமையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த மரபு நம்முடையது.

‘நம் ஊரில் சோறு போட்டால் எல்லா ஊர்க்காரனும் இங்கேயே வந்துவிடுவான்’ என்பது இரண்டாவது வாதம். இதுவேதான் 1662-இன் ஓவர்சியர் சொன்னதும். இதற்கு விடையும் 1865-இல் கிடைத்துவிட்டது: செலவை ஓர் ஊரின் தலையில் வைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022-க்குள் நாடெங்கும் பரவிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் இந்த வழியில் ஒரு நல்ல அடி. உரிமை ஊரில் தங்காமல் மனிதனோடு நடக்கிறது. ரேஷன் அட்டையும் இல்லாதவன் நிலை வேறு. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய மலிவு விலை உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டுப் போடவில்லை. இந்தியக் குடிமகன் நாட்டின் எப்பகுதிக்கும் போகலாம், எங்கும் தங்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கூறுவதற்கு அந்த இட்லித் தட்டு ஓர் உரை.

நாம் செய்யத்தக்கது

இலட்சம் பேர் வாழும் நகரத்துக்கு நூறு பேர் தங்கும் இரவுக் காப்பகம் ஒன்றாவது வேண்டும் என்பது நம் நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. 2010-இல் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. நம் நகராட்சியில் அது இருக்கிறதா? இருந்தால் திறந்திருக்கிறதா? திருவிழாவுக்கும் பெரிய மனிதர் வருகைக்கும் முன்னால் பேருந்து நிலையத்துத் திண்ணைகள் திடீரென்று காலியாகின்றனவே, அந்த மனிதர்கள் எங்கே கொண்டுபோய் விடப்படுகிறார்கள்? வண்டிக்கு டீசல் போட்டது யார்?

வரலாற்றுத் துறை மாணவர்களாகிய நமக்கு ஆவணங்களைத் தேடக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதலாம். கேள்விகள் மூன்று போதும்: வீடற்றோரை அப்புறப்படுத்தக் கடந்த ஐந்தாண்டில் ஆன செலவு எவ்வளவு? அவர்களைத் தங்கவைக்க ஆன செலவு எவ்வளவு? அப்புறப்படுத்தப்பட்டவர்களின் பட்டியல் எங்கே? இரண்டாவது தொகை முதல் தொகையைவிடப் பெரிதாக இருந்தால் மகிழ்ந்து பாராட்டுவோம். அடுத்த ஆண்டு மலரில் அதையும் அச்சிடுவோம். முதல் தொகை பெரிதாக இருந்தாலோ, அதையும் அப்படியே அச்சிடுவோம்.

சுமைகூலிக்கு முக்கால் பணம் எடுத்து வைக்கத் தெரிந்த ஊருக்கு, சுண்டைக்காய்க்குக் கால் பணம் கொடுக்கவும் முடியும். கேட்பவர்கள்தாம் வேண்டும்.